சிஸ்டரைக் கேளுங்கள்: வெட்டித் தைத்த இமை இயல்பாக இருக்கிறதா?

போன இதழில் கண் வறட்சியைப் பற்றி நாலு வரி எழுதும்போது, போகிற போக்கில் ‘இமை ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் இது வரும்’ என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி இமையைப் பற்றியே. நம் ஊர்ப் பக்கத்தில் இவ்வளவு பேர் கொழும்புக்கும் சென்னைக்கும் போய்ச் செய்துகொண்டு சத்தமில்லாமல் இருக்கிறார்கள் என்று எனக்கே இப்போதுதான் தெரியும். சரி, இந்த முறை முழுக்க இமைதான். வழக்கமாகச் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன்: நான் டொக்டர் இல்லை, கண் வார்டிலும் தியேட்டரிலும் நின்று ஓய்வுபெற்ற தாதி. உங்கள் கண்ணை நேரில் பார்த்த டொக்டரின் சொல்தான் கடைசிச் சொல்.

கேள்வி: சிஸ்டர், எனக்கு 54 வயது, படிப்பிக்கிற வேலை. மேல் இமைத் தோல் மடிந்து கண்ணுக்கு மேலே விழுந்து கிடந்தது. மகன் அனுப்பிய காசில் இரண்டு பக்கமும் வெட்டித் தைத்தேன். இன்றைக்கு ஏழு கிழமை. டொக்டர் நன்றாக வந்திருக்கிறது என்கிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ‘டீச்சர் முழிசிப் பாக்கிறா’ என்கிறார்கள், மச்சாள் ‘ஆளே மாறிப் போனீங்க’ என்கிறா. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இயல்பாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?
— பெயர் வேண்டாம், கல்லடி

பதில்: டீச்சர், முதலில் அந்தக் கண்ணாடியைத் திருப்பி வையுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற ஒருவரும் இயல்பாக நிற்பதில்லை, புருவத்தைத் தூக்கி, கண்ணை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அந்தக் கண்ணை ஊரில் வேறு ஒருவரும் பார்ப்பதே இல்லை. அவர்கள் பார்ப்பது நீங்கள் கதைக்கும்போதும், கொப்பி திருத்தக் குனியும்போதும், சிரிக்கும்போதும் இருக்கிற கண்ணை. நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து தரமாவது இமைக்கிறோம். ஓரிடத்தில் நிற்காத ஒரு பொருளை அசையாமல் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்?

ஆகவே வீட்டில் யாரையாவது பிடித்து ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், எடுப்பவர் இரண்டு கை தூரம் தள்ளி நிற்கட்டும். செல்பி வேண்டவே வேண்டாம், முகத்துக்குக் கிட்டப் பிடித்த போன் மூக்கைப் பெருப்பித்து முகத்தின் அளவையே குழப்பிவிடும், சில போன்களில் இடம் வலமும் மாறிவிடும். நேரே பாருங்கள், மேலே பாருங்கள், கீழே பாருங்கள், நித்திரை கொள்வது போல மெதுவாகக் கண்ணை மூடுங்கள், கடைசியில் யாராவது சிரிப்புக் காட்டச் சிரியுங்கள். அந்த வீடியோவை அன்றைக்கே பார்க்காமல் அடுத்த நாள் பாருங்கள்.

நேரே பார்க்கும்போது மேல் இமை கருவிழியின் மேல் விளிம்பை ஒன்று இரண்டு மில்லிமீற்றர் மூடிக்கொண்டு நிற்கவேண்டும். கீழ் இமை கருவிழியின் அடி விளிம்பைத் தொட்டால் போதும். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் அதுதான் பிள்ளைகள் சொல்லுகிற முழிசல். தோலை மட்டும் அளவாக எடுத்த ஒப்பரேஷனில் இமையின் விளிம்பு அவ்வளவுக்கு மேலே ஏறாது, அதனால் உண்மையாகவே வெள்ளை தெரிகிறதென்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், தைரொயிட் இரத்தப் பரிசோதனையையும் ஒருக்கால் கேளுங்கள். தைரொயிட் கோளாறிலும் இமை இப்படி மேலே இழுபடும், அதற்கும் தையலுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது மடிப்பு. கண்ணை மூடியிருக்கும்போது பெண்களுக்கு இமை மயிர் வரிசையிலிருந்து ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீற்றர் உயரத்தில் மடிப்புக் கோடு ஓடும், கண்ணைத் திறந்தால் அதில் மூன்று நாலு மில்லிமீற்றர்தான் வெளியில் தெரியும். அதற்காக அடிமட்டம் எடுத்து அளக்க வெளிக்கிடாதீர்கள். அளவை விட முக்கியம், அந்த மடிப்பு அசைகிறதா என்பது. பிறப்பிலே வந்த மடிப்பு, கீழே பார்க்கும்போது இளகித் தட்டையாகிப் போகும், மேலே பார்த்தால் திரும்ப ஆழமாகும். தையலுக்குக் கீழே தழும்பு உள்ளே ஒட்டிப் பிடித்திருந்தால், கீழே பார்த்தாலும் அந்தக் கோடு வரம்பு வெட்டியது போல அப்படியே நிற்கும். நீங்கள் கொப்பி திருத்துகிறபோது முன் வாங்குப் பிள்ளை பார்ப்பது இதைத்தான், ஆகவே வீடியோவில் இந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஏழு கிழமையில் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பயமில்லை.

கண்ணை மூடுகிற இடத்துக்கு வருகிறேன். இதை நான் என் பெரியக்காவிடம்தான் படித்தேன், எங்கே செய்தா என்று மட்டும் கேட்காதீர்கள். ஒப்பரேஷன் முடிந்து மூன்று மாதம், பார்க்க பத்து வயது குறைந்த மாதிரி, எல்லாரும் புகழ்ந்தார்கள், கண் வார்டில் தலை நரைத்த நானும் சேர்ந்துதான் புகழ்ந்தேன். ஒரு நாள் பகல் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தா. கச்சான் காற்று வீசுகிற காலம், மேலே மின்விசிறி வேறு. தேத்தண்ணிக்கு எழுப்பக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இடது கண்ணில், இரண்டு இமைக்கும் நடுவே, நகம் வெட்டி விழுந்த துண்டு போல ஒரு வெள்ளைக் கோடு. காலையில் எழும்பினால் கண்ணுக்குள்ளே மணல் போட்ட மாதிரி இருக்கிறது என்று அவ நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. தோலை அளவுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கண் சரியாக மூடுவதற்குப் புருவத்தின் கீழ் ஓரத்திலிருந்து இமை மயிர் வரை கிட்டத்தட்ட 20 மில்லிமீற்றர் தோல் மிஞ்சவேண்டும் என்பது இந்த வேலை செய்கிறவர்களின் கணக்கு. அக்கா இப்போதும் இரவில் களிம்பு போட்டுத்தான் படுக்கிறா. முதல் சில கிழமை வீக்கத்தால் கண் கொஞ்சம் மூடாமல் இருப்பது பலருக்கும் உண்டு, ஏழு கிழமைக்குப் பிறகும் இருந்தால் சொல்லவேண்டியது. நித்திரையில் உங்களுக்கே தெரியாது டீச்சர், வீட்டுக்காரரை ஒரு இரவு பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, ‘ஆளே மாறிப் போனீங்க’. எனக்கென்றால் அது இமை இல்லை, புருவம் என்று படுகிறது. தோல் கண்ணை மறைத்த காலம் முழுக்க நீங்கள் உங்களை அறியாமலே நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள், நெற்றியில் கோடுகள் அப்படித்தான் விழும். பாரம் போனதும் புருவம் இறங்கி ஓய்வெடுக்கும். புருவம் கொஞ்சம் இறங்கினாலும் முகத்தின் பாவம் மாறிவிடும், பார்ப்பவருக்கு எது மாறியது என்று சொல்லத் தெரியாது. மச்சாள் ஒன்றும் பொய் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

ஒன்று செய்யுங்கள். கலியாண அல்பத்தை எடுங்கள், இல்லாவிட்டால் பழைய அடையாள அட்டை. முப்பது வயதில் உங்கள் மடிப்பு எந்த உயரத்தில் இருந்தது, புருவத்துக்குக் கீழே சதைப்பிடிப்பாக இருந்ததா, குழியாக இருந்ததா? ஒப்பரேஷன் செய்த கண்ணை வைத்துப் பார்க்கவேண்டியது அந்தக் கண்ணோடுதான், போன வருடக் கண்ணோடும் இல்லை, நடிகையின் கண்ணோடும் இல்லை. பிள்ளைகளுக்கு உங்களுடைய முப்பது வயது தெரியாது, அவர்களுக்குத் தெரிந்த டீச்சர் பாதிக் கண் மூடியிருந்த டீச்சர்.

மற்றது, ஏழு கிழமை மிகவும் குறைவு. பெரிய வீக்கம் இரண்டு கிழமையில் போகும், மீதி மெல்ல மெல்ல வடிய மூன்று மாதம், தழும்பின் சிவப்பு மங்கி மடிப்பு தன் இடத்தில் உட்கார ஆறு மாதம். காலையில் எழும்பியவுடன் எடுத்த வீடியோவையும் பின்னேர வீடியோவையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள், படுத்து எழும்பினால் எல்லாருக்கும் இமை ஊதித்தான் இருக்கும். இரண்டு கண்ணும் அச்சில் வார்த்தது போல இருக்கவேண்டும் என்றும் இல்லை, ஒப்பரேஷனுக்கு முன்னமும் இருந்திருக்காது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: சிஸ்டர், என் வீட்டுக்காரருக்கு 49 வயது, கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டில் காக்காவோடு (அண்ணனோடு) நின்ற நேரம் இமை ஒப்பரேஷன் செய்துகொண்டு வந்தார். தழும்பு கூடத் தெரியவில்லை, நல்ல வேலைதான். ஆனால் மை பூசின பெண்பிள்ளையின் கண் மாதிரி இருக்கிறது என்று கடைக்கு வாறவர்கள் பகிடி பண்ணுகிறார்கள். இவர் இப்போது வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி.
— காத்தான்குடி வாசகி

பதில்: தங்கச்சி, தழும்பு தெரியாத வேலை எல்லாம் நல்ல வேலை என்று அர்த்தமில்லை. ஆணின் இமை வேறு. மடிப்பு 6 முதல் 8 மில்லிமீற்றரில், இன்னும் கீழே, வில்லாக வளையாமல் ஏறக்குறைய நேராக ஓடும். புருவம் எலும்பின் மேலேயே தடித்துக் கிடக்கும், அதற்கும் மடிப்புக்கும் நடுவே வெற்றிடம் குறைவு. கண் திறந்திருக்கும்போது, மடிப்புக்கும் இமை மயிருக்கும் நடுவிலுள்ள இமை மேடு பெரிதாகத் தெரியாது. பெண்ணுக்குப் போடுகிற கோட்டை அவருக்கும் போட்டு, தோலையும் கொழுப்பையும் துப்புரவாக எடுத்துவிட்டால், நீங்கள் சொல்லுகிற கண்தான் வரும். ஆண்களுக்குக் கொஞ்சம் தோல் தொங்கினால்தான் முகத்துக்கு அழகு, இது என் அபிப்பிராயம்.

எப்போது செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதத்துக்குள் என்றால் விட்டுவிடுங்கள், வீக்கத்தில் மடிப்பு உயரமாகத் தெரியும், பிறகு இறங்கலாம். அதற்குப் பிறகும் இப்படியே என்றால் இமை வேலையில் தனியாகப் பயிற்சி எடுத்த கண் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். மடிப்பை மேலே ஏற்றுவது லேசு, ஏறினதைக் கீழே இறக்குவது கஷ்டம், அதனால் செய்தவரிடமே ஆத்திரத்தில் ஓடி மறுபடி வெட்டச் சொல்ல வேண்டாம். அதுவரை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தடித்த பிரேம் போட்ட சாதாரணக் கண்ணாடி மாட்டச் சொல்லுங்கள், பிரேமின் மேல் விளிம்பு சரியாக அந்த மடிப்பின் மேலே விழும்.

கேள்வி: நான் இன்னும் செய்யவில்லை. இரண்டு இடத்தின் ‘முன், பின்’ படங்கள் அனுப்பி எது நல்லது என்று மாமியின் மகள் கேட்கிறா. எனக்கு எல்லாப் படமும் அற்புதமாகத்தான் இருக்கிறது. எப்படித் தெரிந்தெடுப்பது?
— அக்கரைப்பற்று வாசகி

பதில்: எல்லாம் அற்புதமாக இருப்பதுதான் சந்தேகம். முதலில் கண்ணைப் பார்க்காமல் படத்தில் மற்றதையெல்லாம் பாருங்கள். ‘முன்’ படத்தில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுகிறதா, ‘பின்’ படத்தில் முகத்துக்கு நேரே அடிக்கிறதா? கண்ணுக்குக் கீழே உள்ள பை பாதிக்கு நிழல்தான், லைட்டை முன்னால் கொண்டுவந்தால் கத்தி வைக்காமலே பை போய்விடும். உங்கள் வீட்டிலேயே டோர்ச் ஒன்றைத் தலைக்கு மேலே பிடித்து, பிறகு முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நேரே பிடித்தும் கறுப்பாகவே இருக்கிறதென்றால் அது நிழல் இல்லை, தோலின் நிறம். அந்தக் கருவளையம் பை எடுக்கிற ஒப்பரேஷனால் போகாது. நம் தோலுக்கு இது மிச்சம் முக்கியமான விஷயம், காசு கட்டிய பிறகு ‘கறுப்பு அப்படியே இருக்கு’ என்று அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

அப்புறம் நாடியை (முகவாயை) பாருங்கள். நாடியைக் கொஞ்சம் தூக்கினாலும் கண் விரிந்த மாதிரித் தோன்றும். புருவம் இரண்டு படத்திலும் ஒரே உயரமா, ‘பின்’ படத்தில் மை, பவுடர், செயற்கை இமை மயிர் உண்டா? சிரித்த முகமா? இதெல்லாம் ஒத்திருக்கிற படத்தை மட்டும் நம்பிப் பாருங்கள். எத்தனை நாளில் எடுத்தது என்றும் எழுதியிருக்கவேண்டும். ஒரு மாதப் படத்தில் இருக்கிற லேசான வீக்கமே முகத்துக்கு ஒரு இளமையைக் கொடுத்துவிடும், அது நிலைக்காது.

கண் மூடிய படமும் கீழே பார்க்கிற படமும் கேளுங்கள். தருகிற இடம் என்றால் அவர்களுக்குத் தங்கள் வேலையில் நம்பிக்கை இருக்கிறது. கண்ணின் வெளிக்கோடிக்கு அப்பாலும் தழும்பு நீண்டு ஓடுகிறதா, மூக்குப் பக்கத்து மூலையில் வாத்துக் கால் சவ்வு போல இழுத்துப் பிடித்திருக்கிறதா, புருவத்துக்குக் கீழே கரண்டியால் அள்ளி எடுத்தது போலக் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காலத்தில் கொழுப்பை முடிந்தவரை எடுத்துவிடுவதுதான் வழக்கம், அப்படிச் செய்த கண் வயது போகப் போக இன்னும் உள்ளே போய் முதுமையைக் கூட்டியதைக் கண்ட பிறகுதான் அளவாக எடு, விட்டுவை என்கிற எண்ணம் வந்தது. பத்துப் பேரின் கண்ணும் ஒரே கண்ணாக இருக்கிற இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

இலங்கையில் செய்வதென்றால், செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த டொக்டர்தானா என்று பார்த்த பிறகு படத்தைப் பாருங்கள்.

கேள்வி: கண்ணுக்குக் கீழே பை எடுத்து ஐந்து மாதம். வலது கண்ணில் கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரிகிறது. மோட்டார் சைக்கிளில் போனால் தண்ணீர் ஓடுகிறது. ஒப்பரேஷன் செய்தவர் ‘காற்றுத்தான் காரணம்’ என்கிறார்.
— வாழைச்சேனை வாசகர், 58 வயது

பதில்: தம்பி, காற்றும் காரணம்தான், ஆனி ஆடிக் கச்சானில் நல்ல கண்ணே காய்ந்து போகும். ஆனால் காற்று வலது கண்ணுக்கு மட்டும் வீசுவதில்லையே. கீழ் இமை கீழே இழுபட்டிருக்கிறது. வெளியில் தோலை வெட்டிச் செய்தால் தழும்பு சுருங்கி இழுக்கும், வயதோடு இமையின் பிடி தளர்ந்தவர்களுக்கு இது இன்னும் அதிகமாக வரும். கீழ் இமையை இரண்டு விரலால் மெதுவாக முன்னுக்கு இழுத்து விட்டால், இமைக்காமலே டக்கென்று போய் ஒட்டவேண்டும். சோம்பேறித்தனமாகப் போனால் பிடி தளர்ந்திருக்கிறது. இதை ஒப்பரேஷனுக்கு முன்னமே பார்த்திருக்கவேண்டும், பார்த்தார்களா என்று கேளுங்கள். இமையின் உள்பக்கத்தால் செய்கிற முறையும் உண்டு, அதில் வெளியில் தழும்பே இல்லை, இழுபடுவதும் குறைவு.

கண்ணின் வெளிக்கோடியையும் பாருங்கள். உள்மூலையை விட வெளிமூலை ஒன்று இரண்டு மில்லிமீற்றர் மேலே, கூராக இருப்பதுதான் இயல்பு. அது இறங்கி உருண்டையாகிவிட்டால் முகத்துக்கு ஒரு சோகக் களை வந்துவிடும், எவ்வளவு சிரித்தாலும் போகாது.

ஐந்து மாதம் ஆகிவிட்டது, இனித் தானாகச் சரிவரும் என்று இருக்க வேண்டாம். போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் காட்டுங்கள், கருவிழி காய்ந்து புண்பட்டிருக்கிறதா என்று சாயம் விட்டுப் பார்ப்பார்கள், தேவையென்றால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள். ஹெல்மட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுங்கள். புதிதாகச் செய்யப் போகிறவர்கள் இதையும் வாசித்து வையுங்கள்: ஒப்பரேஷன் முடிந்து முதல் ஓரிரு நாளில் ஒரு கண் திடீரென்று கடுமையாக வலித்து, பிதுங்கி, பார்வை மங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அரிதுதான், ஆனால் காலை வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70. நாடியைத் தூக்கித்தான் ஆளையே பார்க்கிறா. இமைத் தோலை வெட்டினால் சரியா, இல்லை இது அழகுக்குச் செய்கிற வேலையா?
— கொக்கட்டிச்சோலை

பதில்: மகன், அம்மாவை நேரே பார்க்கச் சொல்லி, தொங்குகிற தோலை மட்டும் விரலால் மெதுவாகத் தூக்குங்கள், இமையைத் தூக்க வேண்டாம். இப்போது இமை மயிரின் வேர் எங்கே நிற்கிறது? கண்மணிக்கு (கருவிழியின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்துக்கு) நன்றாக மேலே என்றால் தோல்தான் பாரம். தோலைத் தூக்கியும் இமை விளிம்பே கண்மணியை மறைத்துக்கொண்டு நிற்கிறதென்றால், இமையைத் தூக்குகிற தசைநார் இளகிவிட்டது. அதற்குத் தோலை எவ்வளவு வெட்டினாலும் அம்மா நித்திரைக் கண்ணோடுதான் இருப்பா, ‘ஒப்பரேஷன் செய்தும் முகம் தெளியவில்லை’ என்று வருகிற பலரின் கதை இது. அந்தத் தசைநாரை இழுத்துக் கட்டுவது வேறு ஒப்பரேஷன். பார்வையை மறைக்கிற இமையைச் சரிபண்ணுவது அழகு வேலை இல்லை, அரச வைத்தியசாலையில் தயங்காமல் காட்டுங்கள். இரத்தம் இளக்குகிற குளிசை எடுக்கிறாவா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தானாக நிறுத்தவும் வேண்டாம். இமை மெல்ல மெல்ல விழாமல் ஓரிரு நாளிலே விழுந்தது, பொருள் இரண்டாகத் தெரிகிறது என்றால் கிளினிக் திகதி பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கேள்வி: கொரியன் நாடகங்களில் வருகிறவர்கள் இமையில் மடிப்பு வைக்க ஒப்பரேஷன் செய்கிறார்களாமே, நானும் செய்யலாமா?
— ஏஎல் மாணவி, திருக்கோவில்

பதில்: மகளே, போய்க் கண்ணாடியைப் பார். (டீச்சருக்குத்தான் வேண்டாம் என்றேன், நீ பார்க்கலாம்.) இமையில் மடிப்பு இருக்கிறதா? நம் ஆட்களில் அநேகமாக எல்லாருக்கும் பிறப்பிலேயே இருக்கிறது. கிழக்காசியாவில் பலருக்கு அது இல்லை, அதை உண்டாக்கத்தான் அந்த ஒப்பரேஷன். 1896இல் ஜப்பானில் மிகாமோ என்ற டொக்டர் முதலில் எழுதிவைத்தது. அவர்கள் காசு கொடுத்து வாங்குகிற பொருளை வைத்துக்கொண்டு நீ எதை வாங்கப் போகிறாய்? படி.

கேள்வி: தையல் வெட்டிவிட்டார்கள். மை எப்போது பூசலாம்? கோயில் சடங்கு வருகிறது.
— காரைதீவு

பதில்: தையல் வழக்கமாக ஐந்து ஏழு நாளில் எடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு இன்னும் ஒரு கிழமையாவது போகட்டும், தழும்பு முழுதாக மூடியிருக்கிறது என்று டொக்டர் பார்த்துச் சொன்னதும் பூசுங்கள். பழைய மை டப்பாவை எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். துடைக்கும்போது பக்கவாட்டில் இழுக்காமல், நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்து ஒற்றி எடுங்கள். வெயிலில் நிற்கும்போது குடை பிடியுங்கள், புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுத்துவிடும். தீ மிதிக்கிற இடத்தில் புகைக்குக் கிட்டப் போய் நிற்க வேண்டாம்.